இது என்ன பறவை, அண்ணாச்சி? புதியவர்களின் ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்வது

தை பிறந்தால் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, வடக்கே இருந்து வந்து தங்கியிருக்கும் வாத்தும் உள்ளானும். இன்னொன்று, கழுத்தில் புது பைனாகுலரைத் தொங்கவிட்டு வரும் நம் ஆட்கள். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற வாத்தியார், அம்மாவோடு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்று பலதரப்பட்டவர்கள் சேருகிறார்கள். இது தவிர, 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. இவர்களில் பலர் கையோடு ஏதாவது ஒரு பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துவிடுவார்கள். அன்று ராத்திரியே முதல் படம் வந்துவிடும். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே மூன்று சொல்: “இது என்ன பறவை?”

முதல் வாரம் எல்லோரும் ஆசையாகப் பதில் சொல்வார்கள். மூன்றாம் வாரத்தில் பழைய ஆட்கள் கை ஓய்ந்துவிடும். “மேல ஏறிப் பாருங்க, நேத்துத்தான் சொன்னோம்” என்று ஒருவர் போடுவார். கேட்டவர் அதற்குப்பிறகு வாயே திறக்கமாட்டார். மாசி மாதத்துக்குள் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும்.

இந்த அத்தியாயம் குழுவை நடத்துகிறவர்களுக்கும் அதில் அனுபவசாலி என்று பெயரெடுத்தவர்களுக்கும். பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லி முடிக்கப் போவதில்லை. பறவை பார்க்கும் பொழுதுபோக்குக்கு மற்ற பொழுதுபோக்குகளுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. கேமரா குழுவில் “எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்று பத்துப் பேர் கேட்டால் அது ஒரே கேள்விதான். பறவைக் குழுவில் பத்துப் பேர் “இது என்ன பறவை?” என்று கேட்டால் அது பத்துக் கேள்வி. குளம் வேறு, தேதி வேறு. அந்த இரண்டையும் கேட்டு வாங்கிவிட்டால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. நயினார்குளத்தில் நவம்பர் முதல் வாரம் ஊசிவால் வாத்து வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லப்போவது, அதன் பெயர் தெரியாமல் படம் அனுப்பிய ஒருவராக இருக்கலாம். ஆகவே கேள்வியை நிறுத்தப் பார்க்காதீர்கள். கேட்கும் முறையை மட்டும் திருப்பிவிடுங்கள்.

பெயருக்கு முன் குளத்தைக் கேளுங்கள்

பெயரை உடனே சொல்லிவிடுவது நல்ல மனசு. ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோகும். இப்படி ஓர் உரையாடலைப் பாருங்கள்:

“அண்ணாச்சி, இது என்ன பறவை?”

“எந்தக் குளத்துல பாத்திய தம்பி? எப்பம்?”

“மானூர் பெரிய குளம். இன்னைக்குக் காலைல ஏழு மணி இருக்கும்.”

“உக்காந்திருந்துச்சா, பறந்துச்சா?”

“உக்காந்திருக்கும்போது மண்ணு கலரு. கிட்ட போனேன், வெள்ளையாப் பறக்கு. ரெண்டு பறவைன்னுல்லா நெனச்சேன்.”

“ஒண்ணுதான். மடையான். குருட்டுக் கொக்குன்னும் சொல்லுவாவ. சிறகு, வாலு எல்லாம் வெள்ளை. மூடி உக்காந்தா முதுகு மட்டும்தான் தெரியும், அது மண்ணு கலரு. நாளைக்கு வயக்காட்டுப் பக்கம் போனா எத்தனை நிக்குன்னு எண்ணிட்டு வாங்க.”

மூன்று கேள்வி, ஒரு பதில், ஒரு வேலை. தம்பிக்கு இனி மடையான் மறக்காது. உங்களுக்கு ஓர் இடமும் நேரமும் கிடைத்தது. அடுத்த நாள் எண்ணிக்கையும் வரலாம். அதை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அவரே பதிவேற்றக் கற்றுக்கொடுத்துவிட்டால் அது உலகத் தரவாகவும் ஆகிவிடும். ஈபேர்ட் 2002இல் அமெரிக்காவில் தொடங்கியது; இன்று நம் ஊர்க் குளங்களுக்கும் அதில் பட்டியல் இருக்கிறது.

கேட்க வேண்டிய நாலைந்து கேள்விகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்: எந்த இடம், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, காக்கையைவிடப் பெரிதா சிறிதா, அலகும் காலும் என்ன நிறம். கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனித்திருக்கமாட்டார்கள். உடம்பின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘அடுத்த தடவை காலைப் பாருங்கள்’ என்று சொல்வது பெயரைச் சொல்வதைவிடப் பெரிய உபகாரம்.

செல்போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி வந்தபிறகு ‘இது இன்னது என்று ஆப் சொல்கிறது, சரியா?’ என்ற கேள்வி கூடியிருக்கிறது. செயலியைக் குறை சொல்லாதீர்கள், அது பலருக்கு நல்ல ஆரம்பம். ஆனால் மங்கலான படத்துக்கும் அது ஏதோ ஒரு பெயரைத் தரும். இடமும் தேதியும் கொடுத்தீர்களா, எதை வைத்து நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். வேலை திரும்பவும் பார்த்தவர் கண்ணுக்கே போகட்டும்.

நம் பக்கத்துக் கேள்விகள்

பொதுவான கையேடுகளில் இருந்து பதிலை எடுத்து ஒட்டுவதில் பயனில்லை. தாமிரபரணிப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு தனி வரிசை இருக்கிறது. அதில் சிலவற்றை விரிவாகப் பார்க்கலாம்.

வெள்ளைக் கொக்கு முதலில். எல்லா வெள்ளையும் கொக்குதானே என்று வருவார்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்ன வெண்கொக்கு. மாட்டுக்குப் பின்னால் நடக்கிற, கழுத்து குட்டையான, மஞ்சள் அலகுக்காரர் உண்ணிக்கொக்கு. மிச்சம் இரண்டுதான் தகராறு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வெண்கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தர வெண்கொக்கு. இதை வார்த்தையில் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. இரண்டின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் தயார் செய்யுங்கள். தூரத்தில் நிற்பது எதுவென்று தெரியாவிட்டால் ‘கொக்கு, இனம் தெரியவில்லை’ என்று எழுதலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படி எழுத அனுமதி உண்டு என்று தெரிந்தாலே பாதிக் கேள்வி குறையும்.

அடுத்தது, “அலகு உடைஞ்சிருக்கு, அடிபட்டிருக்கா?” படத்தைத் திறக்கவே வேண்டாம், நத்தை குத்தி நாரை. வாய் மூடியிருக்கும்போதும் அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பிசான நெல் பருவத்துக்கு நட்ட வயலில் நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுக்கிற அலகு அது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். அலகை நுனிவரை பார்த்து, ஏதோ சரியில்லை என்று பதறியிருக்கிறார். குழுவில் பாதிப் பேர் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கமாட்டார்கள்.

“நீளவால் இலைக்கோழின்னு சொல்லுதிய, வாலைக் காணோமே?” இதுவும் வருஷா வருஷம். இனப்பெருக்கக் காலத்தில்தான் அதற்கு நீள வால். நாம் கணக்கெடுக்கிற ஜனவரியில் பெரும்பாலும் மொட்டையாகத்தான் நிற்கும். தாமரை இலைமேல் அகல விரிந்த விரல்களோடு நடக்கிறதா, அதைப் பாருங்கள் என்று திருப்பிவிடுங்கள்.

சத்திமுத்தப் புலவர் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், கூந்தன்குளத்தில் மரத்துக்கு மரம் கூடு கட்டியிருக்கும் மஞ்சள் மூக்கு நாரையைப் பார்த்துவிட்டு “அந்தச் செங்கால் நாரை இதானே?” என்பார்கள். தமிழ் வாத்தியார்கள் இதைக் கொஞ்சம் அடித்தே கேட்பார்கள். அது வேறு. செங்கால் நாரைக்கு அலகும் சிவப்பு, காலும் சிவப்பு, வெளியூரில் இருந்து குளிர்காலத்தில் வருவது, நம் பக்கம் அபூர்வம். இது அலகு மஞ்சள், இறகில் ரோஸ் நிறம், இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது.

இதோடு சேர்ந்து வருவது சைபீரியா. குளத்தில் எந்தப் பறவை நின்றாலும் சைபீரியாவில் இருந்து வந்ததா என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியா என்பவர்களும் உண்டு. பத்திரிகைச் செய்திகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் மூன்றும் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் பார்த்து இடம் மாறுகிறவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் வட ஆசியப் பக்கத்தில் இருந்து வருபவை. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருவது. இதைச் சொல்லும்போது கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும், கூழைக்கடா உள்ளூர்க்காரர் என்பதில். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊருக்குள் தெருவோர மரத்தில் கூடு கட்டும் பறவைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது. உள்ளூர்ப் பறவைக்காக ஓர் ஊர் செய்தது அது. திருப்புடைமருதூரும் அப்படித்தான். தாமிரபரணியும் கடனாநதியும் கூடுகிற இடத்தில், கோயிலை ஒட்டிய மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் முன்வர, 2005இல் அது நாட்டின் முதல் காப்பகப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பறவைக் கேள்விகளில் கடைசியாக ஒன்று. “இந்த வருஷம் பறவையே இல்லையே, அழிஞ்சுபோச்சா?” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லாதீர்கள். குளம் கரைமுட்ட நிறைந்திருந்தால் உள்ளானுக்கும் கொக்குக்கும் கால் ஊன்ற இடம் கிடையாது. வயலுக்கும் சின்னக் குட்டைகளுக்கும் பிரிந்துபோயிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பின் ஒரு குளத்தை ஒரு காலைப்பொழுது பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒரே குளத்தை வருஷா வருஷம் எண்ணுகிறோம். கணக்கெடுப்பு எதற்கு என்பதைப் புதியவருக்கு விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

எந்தப் பைனாகுலர் வாங்கலாம் என்ற கேள்வியை நீட்ட வேண்டாம். எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்துக்கு ஐம்பது கனக்கும், கை நடுங்கினால் பறவையும் நடுங்கும். வாங்குவதற்கு முன் ஒருநாள் யாரிடமாவது வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிலை எங்கே வைப்பது

இந்தச் சிக்கல் வாட்ஸ்அப்போடு பிறந்ததல்ல. 1980இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூஸ்நெட் என்ற கணினி வழிக் கலந்துரையாடல் தொடங்கியது. ஒவ்வொரு செப்டம்பரும் புது மாணவர்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள்; ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். பிறகு இணையம் வீட்டுக்கு வீடு வந்து, புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. பழைய ஆட்கள் 1993 செப்டம்பருக்கு ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்று பெயர் வைத்துப் புலம்பினார்கள். ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற தொகுப்பு பரவலானதும் அந்தக் கூட்டத்தில்தான். நமக்கு அந்த அளவுக்குத் துயரமில்லை. நம் புதியவர்கள் தையில் வருகிறார்கள், தேதி முன்கூட்டியே தெரியும்.

ஆனால் அந்தத் தொகுப்பைப் பலர் கெடுத்துவைக்கிறார்கள். நாற்பது பக்க பிடிஎஃப், ஆங்கிலத்தில். யாரும் திறப்பதில்லை. குழுவின் மேலே பொருத்திவைக்கும் குறிப்பு செல்போன் திரையில் ஒரே பார்வைக்கு அடங்க வேண்டும். படம் அனுப்பும்போது என்ன எழுத வேண்டும் என்பது முதல் வரி. நம் குளங்களில் எடுத்த பத்துப் பறவைகளின் படங்கள், பெயரோடு, தனியாக ஒரு தொகுப்பு. வெளிநாட்டுப் புத்தகத்துப் படம் வேண்டாம். மானூர்க் குளத்துச் சேற்றில் நிற்கும் மடையானைக் காட்டினால்தான் மானூர்க்காரருக்கு அடையாளம் தெரியும். தமிழ்ப் பெயரில் ஊருக்கு ஊர் வித்தியாசம் வரும், க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நூலைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊர்ப் பெயரைத் திருத்தாதீர்கள், கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதுவதைவிடப் பேசிக் கேட்பதை விரும்புகிறவர்களுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு நல்லது. பெரியவர்கள் குறிப்பைப் படிக்காவிட்டாலும் குரல்பதிவைக் கேட்பார்கள்.

குறிப்பின் இணைப்பை மட்டும் தூக்கிப் போடுவது பதில் ஆகாது. ஒரு வரி பதில் சொல்லிவிட்டு, “மேல படம் இருக்கு, சேர்த்துப் பாருங்க” என்று முடியுங்கள்.

பறவைக் கூட்டத்தை எண்ணுவது எப்படி என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லிப் பயனில்லை. குளக்கரையில்தான் காட்ட வேண்டும். பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அதே அளவைக் கூட்டத்தின் மேல் தொடர்ந்து வைத்துக்கொண்டே போக வேண்டும். நாமக்கோழிக் கூட்டத்தில் பழகுவது சுலபம், அது ஓரளவு ஒரே இடத்தில் மிதக்கும். பறக்கிற நீலச்சிறகு வாத்தில் ஆரம்பித்தால் அன்றே ஆர்வம் போய்விடும்.

யார் பதில் சொல்ல வேண்டும்

குழுவில் ரொம்பத் தெரிந்தவர் பதில் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. குறைந்தது முதல் அரைமணி நேரத்துக்காவது. போன வருஷம் இதே கேள்வியைக் கேட்டவர் இந்த வருஷம் பதில் சொல்லட்டும். அவருக்கு எதில் குழப்பம் வந்தது என்று நினைவிருக்கும், நிபுணருக்கு அது மறந்துபோயிருக்கும். அவர் தப்பாகச் சொன்னால் திருத்தலாம். “எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு, காலைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க” என்ற மாதிரி. எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்டு ஒரு மனுஷர் கூசிப்போகாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

சாதாரணப் பறவையைப் பற்றியே கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் நிபுணர்களுக்கு ஒரு தகவல். திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். வீட்டு வாசலில் பார்க்கிற சாதாரணப் பறவைகளுக்கும் அதில் இடமிருந்தது. சலித்துப்போய் எரிந்துவிழும் நிபுணர், நூறு புதியவரைவிடக் குழுவுக்குப் பெரிய சுமை. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: பட்டியல் சரிபார்ப்பது, காலில் வளையம் மாட்டிய பறவைகளின் எழுத்தையும் நிறத்தையும் குறித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுவது. சந்தோஷமாகச் செய்வார்.

பதில் சொல்லும் பொறுப்பை வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு வரும் படத்துக்குக் காலையில் பதில் சொன்னால் குடி முழுகிவிடாது.

காத்திருக்கக் கூடாதவை, சொல்லக் கூடாதவை

ஒரு வகைக் கேள்விக்கு மட்டும் மேலே சொன்ன நிதானம் பொருந்தாது. கூட்டில் இருந்து குஞ்சு விழுந்துகிடக்கிறது, நூலில் சிக்கித் தொங்குகிறது என்றால் யார் பார்த்தாலும் உடனே பதில் சொல்ல வேண்டும்: தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனச்சரக அலுவலக எண் குழுக் குறிப்பில் இருக்க வேண்டும். “கிளிக்குஞ்சு கிடைச்சிருக்கு, என்ன கொடுத்து வளக்கலாம்?” என்ற கேள்வியும் வரும். நம் ஊர்க் கிளிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வளர்க்கக் கூடாது. கண்டிப்பாகச் சொல்லுங்கள், மிரட்டாமல் சொல்லுங்கள். கேட்டவருக்குத் தெரிந்திருக்காது.

கூடு எங்கே, ஆந்தை எந்த மரத்தில் அடைகிறது என்ற கேள்விக்குக் குழுவில் பதிலே கிடையாது. கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். குழுவில் இருக்கும் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. படம் எடுக்கப் பத்துப் பேர் போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேட்டபிறகு சொன்னால் அவரை மட்டும் தள்ளிவைத்ததுபோல ஆகும்.

புதியவர்கள் தையில் வருவார்கள், உங்களுக்கு மார்கழிவரை நேரம் இருக்கிறது. போன வருஷத்து உரையாடலைப் பின்னோக்கி ஒருமுறை தள்ளிப் பாருங்கள். எந்தப் பத்துக் கேள்வி திரும்பத் திரும்ப வந்ததென்று எழுதி, அந்தப் பத்துக்கும் உங்கள் குளத்திலேயே படம் எடுத்து வையுங்கள். போன வருஷம் புதிதாக வந்து இன்னும் குழுவில் தங்கியிருப்பவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்த வருஷம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.